நந்தியாவட்டை வேலியும் இரண்டு விட்டில்களும்

நான் வேலைபார்த்த திணைக்களத்தில் ஒரு விதி இருந்தது. பயிரைத் தின்னும் பூச்சி இன்னதென்று தெரியாவிட்டால், அதன் மாதிரிகள் இரண்டை, ஒன்றை மதுசாரத்தில் இட்டும் மற்றதை உலர்த்தியும், பூச்சியியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்பப்படும். பதில் கிடைக்கும் வரை அந்தப் பூச்சியைச் சாட்டி எவரும் எந்தச் செடியையும் பிடுங்கலாகாது. தெளிவான விதி. இதை ஆக்கியவர் ஒரு வெள்ளைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். பதினான்கு நாள் என்பதை அவர் மெய்யாகவே நம்பியிருக்கிறார்.

அந்த விதியை நான் ஆக்கவில்லை. இருபத்தொன்பது வருடம் அதைத் தட்டச்சுச் செய்தேன், பிரதி எடுத்தேன், கோவையில் இட்டேன். கடைசி ஆறு வருடம் பிரதம லிகிதராக இருந்தபடியால், மற்றவர்கள் தட்டச்சுச் செய்ததில் பிழை பிடித்தேன். விதியோடு ஒரு பூச்சிப் பட்டியலும் இணைப்பாக இருந்தது. இடப்பக்கத்தில் இலத்தீன் பெயர், வலப்பக்கத்தில் தின்னும் பயிர், நடுவில் ஒரு வரி அடையாளம். பட்டியலில் இருந்த ஒரு பூச்சியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு பெயரைப் பிழையின்றித் தட்டச்சுச் செய்வதற்கு அதைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கும்போதே, ஒரு சூட்கேசோடு வடக்கே கப்பலில் வந்து இறங்கினேன். அதற்குள் இரண்டு வேட்டி, நாலு சட்டை, ஒரு கட்டை முத்திரை அரக்கு, ரோனியோவில் அடித்த அந்தப் பூச்சிப் பட்டியல். பட்டியலை ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்கு அகப்பட்டதை எல்லாரும் எடுத்த நாள் அது.

எங்கள் ஊர் நீர்வேலியில் அக்கா தனியாக இருந்தா. அத்தான் அதற்கு முந்திய வருடம் காலமாகியிருந்தார். நான் அக்காவோடு இருந்துகொண்டேன். நான் வந்த அடுத்த மாரியில் அக்கா காணியின் தெற்கு எல்லையில் நந்தியாவட்டைத் தடிகளை ஊன்றினா. நாற்பத்தாறு தடி. ஒன்றும் பட்டுப்போகவில்லை. ஏழு வருடத்தில் அது ஆள் உயரத்துக்கு வெள்ளை வேலியாகிவிட்டது. விடிய முன்னம் அக்கா பூ ஆய்ந்து ஒரு கடகம் நிறையப் பிள்ளையார் கோயிலுக்கு அனுப்புவா. தொண்ணூறில் சண்டை மூண்டு, வடக்குக்குப் பொருள் வரத் தடை போட்டபிறகு கோயிலில் கற்பூரம் இல்லை, விளக்குக்கு எண்ணெய் இல்லை, மின்சாரம் என்ற சொல்லே மறந்துபோயிற்று. பூவுக்கு மட்டும் எவரும் தடை போடவில்லை. பிள்ளையாரின் சாத்துப்படி முழுவதும் அக்காவின் வேலியிலிருந்துதான் போனது. ஊரில் அக்காவுக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால் அது இந்த வேலியால் வந்தது. அக்கா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேலிக்குத் தண்ணீர் விடாத நாளில் தானும் தேத்தண்ணி குடிக்கமாட்டா.

வேலிக்கு அப்பால் கத்தரித் தோட்டம். தோட்டக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், நல்ல உழைப்பாளி, என்னை அண்ணை என்பார். தொண்ணூற்றோராம் ஆண்டு கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை, உள்ளங்கை நிறைய ஒரு புழுவை ஏந்திக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். நடுவிரல் நீளம், பெருவிரல் மொத்தம், பச்சை உடம்பில் சரிவான கோடுகள், பின்பக்கத்தில் ஒரு கொம்பு. மற்றக் கையில் வேலியிலிருந்து பிடுங்கிய ஒரு நந்தியாவட்டைக் கொப்பு. அதிலும் ஒரு பச்சைப் புழு, அதற்கும் கொம்பு.

"அண்ணை, உங்கடை வேலியிலை இருந்துதான் உது வருகுது. கொம்பைப் பாருங்கோவன்."

"கொம்பு மாட்டுக்கும் இருக்கு, ஆட்டுக்கும் இருக்கு" என்றேன்.

"ஓம், ரெண்டும் என்ரை கத்தரியைத் தின்னும்தானே."

அவர் போனபின் அக்கா என்னைக் கூப்பிட்டு, அவர் பொய் சொல்லவில்லை, போய்த் தோட்டத்தைப் பார் என்றா. பார்த்தேன். மூன்று நிரையில் இலை இல்லை, தண்டு மட்டும் நின்றது. வழமையான காலமென்றால் ஒரு போத்தல் மருந்து அடித்திருப்பார். பூச்சிமருந்து வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேல். கொடிகாமச் சந்தைக்கு ஏற்ற வேண்டிய கத்தரி புழுவின் வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் பயிர் போகும்போது மனிதனுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். வேலி பக்கத்தில் நின்றது.

நான் உள்ளே போய்ப் பட்டியலை எடுத்தேன். கொம்புள்ள பெரும் புழுக்கள் என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் நந்தியாவட்டை என்ற சொல் ஒரு வரியில் இருந்தது, கத்தரி வேறொரு வரியில். இரண்டு வரி, இரண்டு பூச்சி. வேலிப் புழுவைத் திரும்பவும் பார்த்தேன். தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்ணைப் போல வட்டங்கள். கத்தரிப் புழுவில் அப்படி ஒன்றும் இல்லை. அதன் கொம்பு கரடுமுரடாக, நுனியில் வளைந்து இருந்தது. மற்றதன் கொம்பு சிறியது, மஞ்சள். அறுபது வயதில் முதல் தடவையாக என் பட்டியல் உயிரோடு என் முன்னால் ஊர்ந்தது. எனக்கு உண்டான சந்தோசத்தை அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது பொருத்தமாக இருந்திராது.

விடயம் ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குப் போயிற்று. சங்கம் வாசிகசாலையில் கூடியது. தலைவர் மிஷன் கல்லூரியொன்றில் முப்பது வருடம் இலத்தீனும் ஆங்கிலமும் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். கூட்ட நடைமுறையில் எனக்குச் சமமானவர் ஊரில் அவர் ஒருவர்தான், ஆகவே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவாக விரும்புவதில்லை. தோட்டக்காரர் இரண்டு புழுக்களையும் மேசையில் வைத்தார். சபை கொம்புகளைப் பார்த்தது. வேலியை உடனே வேரோடு கிளப்ப வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன.

நான் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினேன். விதியை மனப்பாடமாகச் சொன்னேன். கண்ணால் பார்த்ததை வைத்துப் பூச்சியை நிச்சயிக்க இங்கே யாருக்கும் தகைமை இல்லை என்றேன். பிறகு, என் கைப்பட, ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். மேற்படி புழு எந்த இனத்தது என்பதற்குத் திணைக்களத்தின் எழுத்துமூலமான பதில் மாத்திரமே ஆதாரமாகக் கொள்ளப்படும், வேறெந்தச் சாட்சியமும் ஏற்கப்படாது. வேறெந்தச் சாட்சியமும் ஏற்கப்படாது என்ற வார்த்தைகளுக்குக் கீழே கோடும் இட்டேன். கொம்புச் சாட்சியத்தை அடைப்பதற்காகப் போட்ட கதவு அது.

மாஸ்டர் வாசித்து, நல்ல வசனம் என்று பாராட்டி, ஒரு திருத்தம் சேர்த்தார். தைப்பொங்கலுக்கு முன் அப்பதில் கிடைக்காவிடின் வேலி அகற்றப்படும். ஏகமனதாக நிறைவேறியது. பதினான்கு நாளில் வர வேண்டிய பதிலுக்கு இரண்டு மாதம் கிடைத்துவிட்டது என்று நான் வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டா. "உன்ரை திணைக்களம் எங்கை இருக்கு?"

"மலைநாட்டிலை."

"நாங்கள் எங்கை இருக்கிறம்?"

இரண்டுக்கும் நடுவில் போர் நடந்துகொண்டிருந்தது, அக்கா இன்னொரு அகப்பைச் சோறு போட்டா.

மாதிரி அனுப்ப மதுசாரம் வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே அது அருமையாக இருந்த காலம். பனஞ்சாராயம் மட்டும் தாராளமாக இருந்தது. வாழ்நாளில் மாமிசமோ மதுவோ தொடாத நான், ஒரு பட்டப்பகலில், ஜாம் போத்தல் ஒன்றோடு தவறணைக்குப் போனேன். ஜாம் போத்தல் என்றால் அந்நாளில் ஒரு விளக்கு. கொஞ்சம் மண்ணெண்ணெய், அடியில் பஞ்சு, ஒரு திரி, அதுதான் வீட்டு வெளிச்சம். அக்கா தன் இரண்டு விளக்கில் ஒன்றைக் கழுவித் தந்திருந்தா. தவறணைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். குடிக்கவோ கொண்டுபோகவோ என்று மெல்லக் கேட்டார். புழுவுக்கு என்றேன். வாங்குப் பலகையில் இருந்தவர்கள் தங்கள் கோப்பைகளை உற்றுப் பார்த்தார்கள். நான் குடிக்கத் தொடங்கிவிட்டேன் என்றும், அதற்கு இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறேன் என்றும் அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் அறிந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் கோயிலில் என் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

தபாலதிபர் திரவப் பொருள் ஏற்க முடியாதென்றார். நான் அவருடைய விதியை அவருக்கே சொன்னேன். காற்றுப் புகாத தகரம், உள்ளே திரவம் முழுவதையும் உறிஞ்சத் தக்க மரத்தூள் இருந்தால் ஏற்க வேண்டும். அவர் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்று துக்கத்தோடு ஒப்புக்கொண்டார். பால்மாத் தகரம், தச்சுப்பட்டறை மரத்தூள், நடுவில் சாராயத்தில் இரண்டு புழு. மேல்கடிதத்தில் என்னுடைய தற்காலிக அடையாளத்தையும் இலத்தீனில் எழுதினேன். வேலிப் புழு டாஃப்னிஸ் நேரி, கத்தரிப் புழு அக்கரோன்சியா ஸ்டிக்ஸ். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கோவையில் இட்டேன். தபாற்பை கப்பல் போகும்போது போகும் என்றார் தபாலதிபர். கப்பல் எப்போது போகும் என்று கேட்டேன். அது தபால் விதியில் இல்லை என்றார். அன்று அவருக்கும் ஒரு வெற்றி வேண்டியிருந்தது.

பதினான்கு நாள் போயிற்று. முப்பது நாளும் போயிற்று. மார்கழி பிறந்து திருவெம்பாவைப் பாட்டு கேட்கத் தொடங்கியது. தோட்டக்காரர் வேலிக் கரையில் வேர் கிளப்பும் அலவாங்கைக் கொண்டுவந்து சாத்தி வைத்தார். ஆயத்தமாக இருக்கட்டும் என்பதற்காக, கோபத்தால் அல்ல.

கடிதம் வராவிட்டாலும் அந்த மனிதரையாவது நம்பவைக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலில் இலைச் சோதனை. அக்காவின் நீத்துப்பெட்டிகள் இரண்டை வாங்கி, வேலிப் புழுவைக் கத்தரி இலையிலும் கத்தரிப் புழுவை நந்தியாவட்டை இலையிலும் விட்டு, வாயைத் துணியால் கட்டினேன். பிட்டு அவிக்கிற பெட்டியில் புழு வளர்ப்பதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் பிட்டும் இல்லை. இரண்டு நாளாயிற்று. இரண்டு புழுவும் இலையைத் தொடவில்லை. தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இருட்டுக்குள்ளை அடைச்சு வைச்சால் நானும்தான் சாப்பிடமாட்டன், அண்ணை."

மூன்றாம் நாள் ஒன்று செத்தது. நான் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டேன் என்று அவர் வேலிக்கு மேலால் எல்லாருக்கும் சொன்னார். அக்காவும் அவர் பக்கம் நின்றா. பூச்சியைச் சாகடித்து வேலியைக் காப்பாற்ற வேண்டாம், தின்கிறதைக் கொடுத்து வளர்த்துப் பார் என்றா.

ஆகவே வளர்த்தேன். சரியான நடைமுறையும் அதுதான். புழுவைப் பார்த்து வாதாடலாம், விட்டிலைப் பார்த்து வாதாட முடியாது. இரண்டு மண்பானை எடுத்து, பாதிக்கு ஈர மண்ணும் மேலே சருகும் இட்டு, ஏறிப் பிடிக்க ஒரு சுள்ளியும் நட்டேன். ஒன்றில் வேலிப் புழுக்கள் மூன்று, அதனதன் இலையோடு. மற்றதில் கத்தரிப் புழுக்கள் மூன்று. அவற்றைத் தோட்டக்காரரே தன் தோட்டத்தில் தன் கையால் பிடித்து வந்து போட்டார். தின்று முடித்து இலையை விட்டு இறங்கியதும் அவர் முன்னிலையில் இரண்டு பானையின் வாயையும் சீலைத்துண்டால் கட்டி, முடிச்சுகளின் மேல் என் கடைசி அரக்கை உருக்கி ஊற்றினேன். சூடு ஆறுமுன் அவருடைய பெருவிரலை அழுத்தச் சொன்னேன். காணிகளைப் பதிந்து தோம்பு எழுதின காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு கைநாட்டு இந்தக் காணியில் வைக்கப்பட்டிருக்காது. அவர் விரலை ஊதிக்கொண்டு, இதெல்லாம் ஒரு புழுவுக்கோ என்று கேட்டார். வேலிக்கு என்றேன்.

பானைகளை வைக்க இருட்டும் குளிர்ச்சியுமான இடம் வேண்டும். எல்லார் வளவிலும் இருந்ததுபோல எங்கள் வளவிலும் பங்கர் ஒன்று இருந்தது. குண்டுவீச்சுக்குப் பதுங்க, பனங்குற்றி அடுக்கி மண் மூடிய குழி. அதைவிட நல்ல இடம் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் கிடையாது.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க வேலிப் பானையில் துணி அசைந்தது. தோட்டக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அரக்கை உடைக்க வைத்தேன். சுள்ளியில் ஒரு விட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் செட்டை, அதில் பாசிப்பச்சையும் இளம்பச்சையும் வெள்ளையும் ரோசாவும் கலந்து, பளிங்குக் கல்லில் ஓடும் நரம்பைப் போலக் கோலங்கள். பட்டியலில் ஒரு வரியாக இருந்த வஸ்து இது என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கூறைச்சீலைக்கு இந்த நிறத்தைக் கேட்டால் கடைக்காரன் இல்லை என்பான் என்றா அக்கா.

தோட்டக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வடிவான பூச்சிதான். என்ரை பானையிலையும் உதுதான் வரும், இருந்து பாருங்கோ."

ஆக, எல்லாம் இரண்டாவது பானையில் தங்கியது. அதற்குள் ஒரு அசைவும் இல்லை. நாள் மூன்று போயிற்று. கடிதமும் இல்லை, விட்டிலும் இல்லை. அக்கா பூ ஆயும்போது ஒவ்வொரு செடியின் அடியையும் காலால் மிதித்து மண்ணை இறுக்கிக்கொண்டு போனதைக் கண்டேன். கிளப்புகிறவனுக்கு அது எவ்வளவு தடையாக இருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பொழுது சாயும் மைமலில் வானத்தில் சத்தம் கேட்டது. அக்காவும் நானும் பங்கருக்குள் இறங்கினோம். தோட்டக்காரர் புழுப் பொறுக்கிக்கொண்டு நின்றவர், தன் பங்கர் தூரம் என்பதால், எங்கள் வேலியை விலக்கிக்கொண்டு எங்கள் பங்கருக்குள் குதித்தார். மூவரும் முழங்காலை மடித்து நெருங்கி இருந்தோம். இரைச்சல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. குனிந்து இடம் தேடிய தோட்டக்காரர் முழங்கையைப் பானையின் துணிமேல் ஊன்றினார்.

கீச்சென்று ஒரு சத்தம்.

"அண்ணை, எலி."

"எலிக்கு நான் முத்திரை வைக்கேல்லை."

திரும்பவும் கீச்சிட்டது, இம்முறை நீளமாக, கோபமாக. அவர் கையை எடுத்தார். விமானம் எங்கேயோ கிழக்கே குண்டைப் போட்டுவிட்டுப் போனது. அது எங்கே விழுந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சத்தம் ஓய்ந்ததும் மற்ற நாட்களில் வெளியே ஓடிப்போய்த் திசை பார்க்கிற மனிதர், அன்று பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார். முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. முடிச்சைத் தூக்கி, அரக்கில் இருந்த தன் பெருவிரலைத் தன் பெருவிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு உடைத்தார்.

கறுப்பும் கபிலமுமான ஒரு பெரிய விட்டில் சுள்ளியில் இருந்தது. தொட்டதும் செட்டையைத் தூக்கியது. கீழே மஞ்சள் பின் செட்டை, அதில் ஒடுக்கமான இரண்டு கறுப்புக் கோடு. வயிற்றில் மஞ்சள் வளையங்கள். முதுகில் ஒரு முகம். கண்குழி இரண்டும் தாடையும் தெளிவாகத் தெரிகிற முகம். அது எங்கள் மூவரையும் பார்த்துக் கீச்சிட்டது.

"உது என்ரை தானோ?" என்றார் தோட்டக்காரர்.

"உங்கடை கத்தரி. உங்கடை கை. உங்கடை பெருவிரல்."

அக்கா அடுக்களைக்குப் போய் ஒரு நீத்துப்பெட்டியோடு வந்தா. கேளாமலே தந்தா. அவர் விட்டிலை அதற்குள் விட்டு மூடிக்கொண்டு, எனக்காகக் காத்திராமல், ஒழுங்கையில் இறங்கி மாஸ்டர் வீட்டை நோக்கி நடந்தார். நான் சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பெட்டி வழிநெடுகக் கீச்சிட்டது. படலைகளில் தலை நீட்டியவர்களுக்கெல்லாம் அவரே பெட்டியைத் திறந்து காட்டினார். என்ரை கத்தரியின்ரை பூச்சி, வேலியிலை இருக்கிறது வேறை என்று அவரே சொன்னார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. இருபத்தொன்பது வருட சேவையில் எனக்கு இப்படி ஒரு ஊர்வலம் கிடைத்ததில்லை.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விட்டிலை எல்லாப் பக்கத்தாலும் பார்த்தார். அரக்கின் துண்டுகளையும் பார்த்தார். தனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு சந்தேகமும் இல்லை என்றார். பிறகு அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த வசனத்தின் கீழ் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"வேறெந்தச் சாட்சியமும் ஏற்கப்படாது. லிகிதர், இது நீங்கள் எழுதினது."

நான் அடைத்த கதவு என் விரலையே நெரித்தது. அந்த வசனத்தில் ஓர் ஓட்டையாவது இருக்கிறதா என்று தேடினேன். நான் எழுதியது. ஓட்டை இருக்கவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள்.

நடைமுறையால் வந்த நோய்க்கு நடைமுறையில்தான் மருந்து. மாஸ்டரின் மேசையிலேயே இருந்து, தோட்டக்காரரின் பேரில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். தீர்மானத்தை மாற்றும்படி அவர் கேட்கவில்லை. அதை நிறைவேற்றுவதால் நன்மை பெறும் ஒரே ஆள் தாம் என்பதால், அந்த நன்மையைத் தாம் தற்போது கோரவில்லை என்றும், திணைக்களத்தின் பதில் கிடைக்கும் வரை நிறைவேற்றத்தை ஒத்திவைக்கும்படியும் கேட்டார். மாஸ்டர் இரண்டு தடவை வாசித்தார். ஒரு சொல்லை மாற்றினார், தனக்காக. ஏற்றுக்கொண்டார். தோட்டக்காரர் கையெழுத்து வைத்தார். பெருவிரலும் வைக்கவோ என்று கேட்டார்.

பொங்கலன்று விடிய அலவாங்கு வேலிக் கரையில் இல்லை. அக்கா வழமைபோலப் பூ ஆய்ந்தா.

ஆனால் வேலி தப்பவில்லை, தவணையில்தான் நின்றது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் முந்திய விடயங்கள் என்பதன் கீழ் மாஸ்டர் வாசிப்பார்: நந்தியாவட்டை வேலி, பதில் எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு வார்த்தை மாறிவந்தால் அது கிளப்பப்படும் என்பது அக்காவுக்குத் தெரியும். கூட்ட நாளில் நான் வீடு திரும்பும்வரை அக்கா வாசலுக்கு வரமாட்டா, கேட்கவும் மாட்டா.

விட்டில்கள் தாமாகச் செத்தபின் அவற்றை உலர்த்தி, வெறும் சவர்க்காரப் பெட்டியில் குண்டூசியால் குத்தி, இரண்டாவது பொதியாக அனுப்பினேன். செட்டை ஓரம் சேதமடைந்திருப்பதற்குக் காரணம் மாதிரிகள் கொல்லப்படாமல் ஆயுள் முடிந்து இறந்தமையே என்று மேல்கடிதத்தில் குறித்தேன். பிறகு நினைவூட்டல் கடிதங்கள். முதலாவது பணிவாக, இரண்டாவது சுருக்கமாக, மூன்றாவது பிரதி மேலதிகாரிக்கு என்ற குறிப்போடு. நாலாவது கடிதத்தை என் வாழ்நாளில் எழுதியதிலே சிறந்த கடிதம் என்று இப்போதும் சொல்வேன். அதில் ஒரு வசனத்தில்கூட மரியாதை குறைவில்லை, வாசிக்கிறவருக்குச் சாப்பாடு மட்டும் இறங்காது.

இதற்கிடையில் தோட்டக்காரர் மாறிவிட்டார். புழு மண்ணுக்குள் கூடாகிறதென்பதைப் பானையில் கண்டவர், அறுவடைக்குப் பிறகு தோட்டத்தை ஆழக் கொத்தி, கூடுகளைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டார். அடுத்த மாரியில் அவருடைய மூன்று நிரையும் இலையோடு நின்றன. வேறு தோட்டங்களுக்கும் போய், முதுகிலை முகம் இருக்கிறதுதான் உங்கடை ஆள் என்று விளக்கம் கொடுத்தார். அவர் சொல்லக் கேட்டவர்களுக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்தது, இப்போது இல்லை.

கடைசியில் அது வந்தது. நீளமான அரசாங்கக் கடித உறை, மூன்று இடத்தில் யாரோ திறந்து மூன்று விதமாக ஒட்டியிருந்தார்கள். தபாலதிபர் தாமே சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அக்கா கேட்டா, பிரிக்கவில்லையோ என்று. சங்கத்தின் விடயம், சங்கத்தில்தான் பிரிக்க வேண்டும் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், வேலியோடு என்னையும் கிளப்பியிருக்கலாம்.

அன்று பின்னேரமே மாஸ்டர் அவசரக் கூட்டம் கூட்டினார். அக்கா சங்கத்து அங்கத்தவர் அல்ல. வந்து வாசிகசாலைப் படியில் நின்றா. மாஸ்டர் எழுந்து நின்று வாசித்தார். இலத்தீன் பெயர்கள் வந்த இடத்தில் வகுப்பறைக் குரல் வந்துவிட்டது, ஒவ்வொரு அசையையும் நிறுத்தி இரண்டு தரம் சொன்னார். நந்தியாவட்டையிலிருந்து பெறப்பட்டது டாஃப்னிஸ் நேரி. அது அலரி, நந்தியாவட்டை முதலியவற்றையே உண்ணும், எந்த மரக்கறிப் பயிருக்கும் தீங்கு செய்யாது. கத்தரியிலிருந்து பெறப்பட்டது அக்கரோன்சியா ஸ்டிக்ஸ். பின் செட்டையின் கோடுகள் ஒடுங்கியிருப்பதால் இதனைப் போன்ற மற்ற இனமன்று. மண்ணை ஆழக் கொத்துவது போதிய பரிகாரம். கடைசிப் பந்தி ஒரே வசனம். தங்களது தற்காலிக அடையாளங்கள் இரண்டும் சரியானவை.

மாஸ்டர் அந்த வசனத்தையும் இரண்டு தரம் வாசித்தார். அவருக்கு அதற்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. பின்னர் கடிதத்தை மடித்து, சபையைப் பாராமல் என்னைப் பார்த்து, முந்திய விடயங்களிலிருந்து நந்தியாவட்டை வேலி நீக்கப்படுகிறது என்றார்.

தோட்டக்காரர் வாசல் பக்கம் திரும்பி, "அக்கா, வேலி உங்கடைதான்" என்றார்.

"அது எப்பவும் என்ரைதான்" என்றா அக்கா. சொல்லிவிட்டு, பொழுதுபட முன் தண்ணீர் விட வேண்டும் என்று போய்விட்டா.

மாஸ்டர் அறிக்கைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அந்த ஒரு பதிவை நான் எழுதட்டும் என்று சைகை காட்டினார். எழுதினேன். மாதிரிகள் அனுப்பிய மாதம்: 1991 நவம்பர். திணைக்களத்தின் பதில் கிடைத்த திகதி: 1993 ஜூன் 18.